அப்பா ஓட்டிய ஆம்புலன்ஸை வாங்கி வீடாக்க ஆசை, சட்டம் விடுமா?

கொங்குப் பக்கத்திலிருந்து நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவரின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 42, பின்னலாடைத் தொழில். மனைவி, ஒன்பதாவதும் ஐந்தாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். அவருடைய அப்பா ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் 22 வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது 66 வயது. அவர் கடைசியாக ஓட்டியது 2014-ல் பதிவான ஒரு ஃபோர்ஸ் டிராவலர் வேன். அது இப்போது மருத்துவமனைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. இந்த மாதக் கடைசியில் டெண்டர் வைத்து விற்கப்போகிறார்கள். 2,10,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று பேச்சு. வாசகர் கையில் மொத்தம் ஆறு லட்சம் இருக்கிறது.

திட்டம் பெரியது. மச்சானின் பட்டறையில் வண்டியைப் பிரித்து, கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும். கூரையை வெட்டி உயர்த்த வேண்டும். ஃபோர் வீல் டிரைவாக மாற்றி, அடிப்பாகத்தைத் தூக்கி, பெரிய டயர் மாட்ட வேண்டும். பிள்ளைகளின் மே மாத விடுமுறையில் இமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒத்திகையாகப் பக்கத்துக் காடுகளில் இரண்டு மூன்று இரவு தங்க வேண்டும். ஒரு புரோக்கர் 40,000 ரூபாய் கொடுத்தால் ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், ‘கேம்பர் வேன்’ என்று மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். “ஆம்புலன்ஸாகவே வைத்துக்கொண்டால் டோல் மிச்சம், சைரன் இருந்தால் காட்டில் உதவும்” என்கிறார் ஒரு நண்பர். கழித்துவிட்ட 108 வண்டி இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை, வேலை முடிந்ததும் சாவியைக் கையில் கொடுத்து அசத்தப்போவதாக எழுதியிருக்கிறார். “இதெல்லாம் நடக்குமா, சட்டப்படி எனக்கு என்ன உரிமை?” என்பது கேள்வி.

நண்பரே,

நான் மோட்டார் வாகன வழக்குகளை நடத்தும் வக்கீல். பிறந்தது நாமக்கல் பக்கம் ஒரு லாரிக் குடும்பத்தில். ஒரு வண்டிமேல் மனிதனுக்கு எவ்வளவு பிரியம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் ஆசையைத் தள்ளிவிட்டுப் பேச மாட்டேன். இந்த வண்டியை வாங்குவதற்கு ஒரு வழி இருக்கலாம். ஆனால் ஆர்டிஓ அலுவலகத்திடமிருந்து எழுத்தில் ஒரு பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள், ஒரு ஆணியைக்கூடக் கழற்றாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் இதை ஒரு பட்டறை வேலையாகப் பார்க்கிறீர்கள். “வண்டி என்னுடையது, நான் எப்படி வேண்டுமானாலும் மாற்றுவேன்” என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நிற்கும் வரைக்கும் அது சரி. பொதுச் சாலையில் ஓட வேண்டுமென்றால், வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆர்சி தீர்மானிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது. மீறினால் 182ஏ பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கூரை ஒன்று, ஃபோர் வீல் டிரைவ் ஒன்று, டயர் ஒன்று என்று தனித்தனியாகக் கணக்கு வரும்.

இதே 52-வது பிரிவில் உங்களுக்குச் சாதகமான ஒரு வரியும் உண்டு. ‘மாற்றம்’ என்றால் என்ன என்று அங்கே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்: வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். கூரையை வெட்டினால் கட்டமைப்பு மாறுகிறது. பக்கத் தகட்டில் புது ஜன்னல் திறந்தாலும் அப்படித்தான். கழற்றி மாட்டக்கூடிய ஒரு கட்டிலையும் ஒரு பெட்டியையும் உள்ளே வைத்துக் கட்டினால் கட்டமைப்பு மாறுவதில்லை. நீங்கள் உண்மையில் ஆசைப்படுவதில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வகையில் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் ஆர்சியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

மருத்துவமனை நிர்வாகத்திடம் மூன்று காகிதங்களின் நகல் கேளுங்கள்: ஆர்சி, வண்டி வாங்கியபோது டீலர் கொடுத்த படிவம் 21, தயாரிப்பாளர் கொடுத்த படிவம் 22. கடைசி இரண்டில்தான் விஷயம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்தே ஆம்புலன்ஸாக வந்த வண்டியும் உண்டு. சாதாரண வேனாக வாங்கி, பிறகு ஒரு பாடி பில்டரிடம் கொடுத்து ஆம்புலன்ஸாக மாற்றிய வண்டியும் உண்டு. உங்கள் வண்டி இரண்டாவது வகையாக இருந்தால், ‘தயாரிப்பாளர் முதலில் குறித்தபடி’ அது ஒரு வேன். அந்தப் பழைய நிலைக்குத் திரும்ப அனுமதி கேட்பது 52-வது பிரிவோடு மோதாத வாதம். முதல் வகை என்றால் வாதம் கடினமாகும். அப்போதும் ஆம்புலன்ஸ் வகையிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம், முடிவு பதிவு அதிகாரியின் கையில்.

‘கேம்பர் வேன்’ என்று ஒரு வகையே இல்லை என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2004 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலிலேயே சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று தனியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் பதிவாக, மோட்டார் கேரவன்களுக்கென்று இருக்கும் ஏஐஎஸ்-124 தரநிலைப்படி வண்டி கட்டப்பட்டு, புனேயிலுள்ள ஏஆர்ஏஐ, நம் ஒரகடத்திலுள்ள ஜிஏஆர்சி போன்ற சோதனை நிலையம் ஒன்றில் மாதிரி வண்டிக்கு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தொடர்ந்து கேரவன் கட்டி விற்கும் நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகும். மச்சான் பட்டறையில் கட்டும் ஒற்றை வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

அப்படியிருக்க 40,000 ரூபாயில் அந்த வார்த்தையை எப்படி ஆர்சியில் ஏற்றுவார் அந்தப் புரோக்கர்? அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எந்த ஒப்புதல் சான்றிதழ் எண்ணை வைத்து மாற்றுவீர்கள்?” பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிடுங்கள். பொய்யான விவரத்தில் ஏறிய ஆர்சியை அதிகாரிகள் ரத்து செய்யலாம். விபத்து நடந்த பிறகு அது வெளியே வந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருக்கும். அந்த நாற்காலியில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘ஆம்புலன்ஸாகவே இருக்கட்டும்’ என்ற யோசனை

நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த வரிதான்.

ஆம்புலன்ஸுக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது உண்மை. 66-வது பிரிவு அந்த விலக்கைத் தருகிறது. ஆனால் அந்தப் பிரிவின் வாசகம், ஆம்புலன்ஸ் வேலைக்கு ‘மட்டுமே’ பயன்படும் வண்டிக்கு என்றுதான் சொல்கிறது. குடும்பத்தோடு சுற்றுலா கிளம்பிய அன்றே அந்த விலக்கு போய்விடும், வண்டி பெர்மிட் இல்லாத வணிக வாகனமாகிவிடும். டோல் விலக்கும் ஆம்புலன்ஸுக்குத்தான், ஆம்புலன்ஸ் போலத் தெரியும் வண்டிக்கு அல்ல.

சைரனையும் சுழல் விளக்கையும் வாங்கிய அன்றே கழற்றுங்கள். முடிந்தால் ‘சைரன், விளக்கு கழற்றித் தரப்பட்டது’ என்று விற்பனைக் கடிதத்திலேயே மருத்துவமனையை எழுதச் சொல்லுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-வது விதியும் 119-வது விதியும் இந்த விளக்கையும் பலதொனி ஹாரனையும் அவசர ஊர்திகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கின்றன. முன்பக்கம் கண்ணாடியில் படிக்கும்படி இடவலம் திருப்பி எழுதிய ‘ஆம்புலன்ஸ்’, பக்கவாட்டுப் பட்டை, மருத்துவமனைப் பெயர் எல்லாம் போக வேண்டும். செஞ்சிலுவை இருந்தால் அதுவும். அந்தச் சின்னத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்துவதை 1960-ன் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் தனியாகவே தடுக்கிறது. ஒட்டுப்படத்தைக் கழற்ற அனுமதி வேண்டாம். வண்டியின் நிறத்தையே மாற்றினால் அது ஆர்சியில் ஏற வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டம் கொண்டுவந்தோம். பயத்தினால் அல்ல, உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கையால்தான் பெரும்பாலான மக்கள் வழி விடுகிறார்கள். 22 வருடம் அந்த நம்பிக்கையின் மேல் வண்டி ஓட்டியவர் உங்கள் அப்பா. வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உங்கள் வீட்டில் இது புரியும்.

108 வண்டி மலிவுதான், ஆனால்…

மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், பொதுத்துறை நிறுவனங்களின் வண்டிகளுக்கு 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது, முதல் சில வருட வண்டிகள் எல்லாம் இந்த வரம்பில் விழுகின்றன. இளைய வண்டியாக இருந்தாலும், ஏல அறிவிப்பில் ‘ஆர்சி இல்லை’, ‘உதிரிக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் வாங்குவது இரும்பு. உங்கள் அப்பாவின் மருத்துவமனை தனியார் அறக்கட்டளை என்பதால் இந்த 15 வருடத் தடை அதற்கு நேரடியாகப் பொருந்தாது. 108-ஐ மறந்துவிடுங்கள்.

டெண்டரில் எடுத்தால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விற்றவர் 14 நாளில் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். தனியார் டெண்டர் என்பதால் படிவம் 29, 30 போதும். அரசு நடத்தும் பொது ஏலம் என்றால் படிவம் 32. “ஆர்சியில் யார் பெயரோ அவரே உரிமையாளர்” என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பெயர் மாறாமல் நீங்கள் விபத்து செய்தால் நோட்டீஸ் மருத்துவமனைக்குப் போகும். அப்பா வேலை பார்த்த இடத்துக்கு அப்படி ஒரு தலைவலி வேண்டாம். வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால், வணிக வாகனமாக இருக்கும்வரை வருடாவருடம் எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேடு பள்ளத்தில் ஓடுமா?

இந்தப் பகுதி சட்டத்தில் பாதி, நான் பட்டறைகளில் வளர்ந்ததில் பாதி.

டிராவலர் பின்சக்கரத்தில் மட்டும் இழுவை உள்ள வண்டி. அதை ஃபோர் வீல் டிரைவாக்குவது 52-வது பிரிவின்படி நேரடியான கட்டமைப்பு மாற்றம், அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடிப்பாகத்தைத் தூக்குவதும் அப்படியே. தூக்காமல் இருப்பதுதான் உங்கள் பிள்ளைகளுக்கும் நல்லது. உயரக் கூரை கொண்ட ஆம்புலன்ஸின் எடை ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதை இன்னும் தூக்கி, கூரைமேல் தொட்டியும் கூடாரமும் ஏற்றி, கொல்லிமலையின் 70 வளைவில் ஏற்றி இறக்குவதை நினைத்துப் பாருங்கள். முன்னால் மாட்டும் கனமான இரும்புக் காப்பையும் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது.

ஸ்பிட்டிக்கு ஃபோர் வீல் டிரைவ் இருந்தே தீர வேண்டும் என்பது நீங்கள் நம்பிய இன்னொரு விஷயம். மணாலியிலிருந்து ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவுக்கு, சுமார் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள குன்சும் கணவாய் வழியாக, இமாசலப் பிரதேச அரசுப் பேருந்தே போகிறது. தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே நல்ல டயர், மெதுவான வேகம், ஒரு காற்று கம்ப்ரசர், இழுவைக் கயிறு, சக்கரத்தின் கீழ் போட இரண்டு பலகை இருந்தால் போதும். மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டி, தார் ரோட்டுக்கு வருமுன் திரும்ப ஏற்ற வேண்டும். இவற்றில் எதுவும் சட்டத்தைத் தொடாது.

ஆனால் மே மாதத்தில் குன்சும் பெரும்பாலும் பனியில் மூடியிருக்கும், ஜூன் வாக்கில்தான் திறக்கும். மே விடுமுறை என்றால் சிம்லா, கின்னௌர் வழியாகப் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். காசா 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அப்பாவையும் கூட்டிப் போவதாக இருந்தால் அவருடைய டாக்டரிடம் முதலில் கேளுங்கள், வழியில் ஓரிரண்டு நாள் உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுங்கள். டெல்லியை முழுதாகச் சுற்றிக்கொண்டு போங்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே உள்ள தடையின் விவரம் அடிக்கடி மாறுகிறது, 2014-ல் பதிவான உங்கள் வண்டியைப் போன்ற பழைய டீசலுக்குத்தான் எப்போதும் முதல் அடி.

காட்டில் தங்கும் ஒத்திகைக்கு என் பதில் ‘வேண்டாம்’. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தங்குவதும் 1882-ன் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். புலிகள் காப்பகம் என்றால் 1972-ன் வனவிலங்குச் சட்டமும் சேரும். சத்தியமங்கலத்தில் பண்ணாரி–காரப்பள்ளம் சாலை 2022 பிப்ரவரியிலிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுகிறது, அவசர ஊர்திகளுக்கு விலக்கு உண்டு. பட்டை அழிக்காத ஒரு பழைய ஆம்புலன்ஸ் இரவில் அந்தச் சோதனைச் சாவடிக்கு வந்தால், உள்ளே நோயாளி இருப்பதாக நினைத்து வனக்காவலர் தடுப்புக் கட்டையைத் தூக்கி வழி விட்டுவிடுவார். அந்த நிலைமையை உருவாக்காதீர்கள். ஒத்திகைக்குத் தெரிந்தவர் தோட்டம் போதும். கேரளத்தில் 2021-ல் தொடங்கிய ‘கேரவன் கேரளா’ திட்டத்தில் வாகமன் போன்ற இடங்களில் வண்டி நிறுத்தித் தங்க இடம் திறந்தார்கள், இப்போதும் நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

உள்ளே வேலை தொடங்குமுன்

எல்லாம் கூடி வந்து வண்டி உங்கள் பெயருக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆபத்து ஊசி. ஆம்புலன்ஸ் அலமாரிகளின் பின்னாலும் தரை விரிப்பின் ஓரத்திலும் விழுந்த ஊசிகள் வருடக்கணக்கில் கிடக்கும். மச்சானின் பையன்களிடம் வெறுங்கையால் துழாவ வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தடித்த கையுறை, டார்ச், கிடுக்கி வேண்டும். கிடைப்பதை மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டு மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள். தரை விரிப்பை முழுதாக உரித்துவிட்டு அடித் தகட்டைப் பாருங்கள். வருடக்கணக்கில் கழுவிய தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருந்தால் அங்கேதான் தெரியும். ஆக்சிஜன் சிலிண்டரும் குழாயும் மருத்துவமனைக்கே திரும்பட்டும், எண்ணெய்க் கையோடு யாரும் அந்தக் குழாயைத் தொடக் கூடாது.

எடையை ஊகிக்காதீர்கள். வெறும் வண்டியை எடைமேடையில் ஏற்றி, ஆர்சியில் உள்ள மொத்த எடையிலிருந்து கழியுங்கள். ஒரு எட்டுக்கு நான்கு, 19 எம்எம் பிளைவுட் பலகையே சுமார் 35 கிலோ. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் மீதி எவ்வளவு என்று அப்போது தெரியும். ஓடும்போது ஐந்து பேருக்கும் பெல்ட் உள்ள, ஆர்சியில் ஏறிய இருக்கை வேண்டும். கட்டிலில் படுத்தபடி பிள்ளைகள் பயணம் செய்யக் கூடாது. கட்டிலையும் பெட்டியையும் ஸ்ட்ரெச்சர் பூட்டிய அதே பிடிமானங்களில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பிரேக் அடித்தால் பறக்காது, எஃப்சிக்குப் போகும்போது அரை மணியில் கழற்றிவிடலாம்.

அப்புறம் அடுப்பும் காற்றும். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள், ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. அந்த வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். டிராவலரின் பின்பக்க ஏசி இன்ஜினால் ஓடுவது, அதைப் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. வண்டிக்குள் கேஸ் அடுப்பு வேண்டாம், பின்கதவைத் திறந்து வெளியே வைத்துச் சமையுங்கள். கூரை விசிறியும் வலை போட்ட ஜன்னலும் இரவுக்குப் போதும். புகை, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இரண்டும் கட்டாயம். பழைய ஆம்புலன்ஸ் வயரிங்கில் புது பேட்டரியை இணைக்காமல், தனி வயர் இழுத்து, பேட்டரி முனையிலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் படம் எடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை வாங்கி வையுங்கள். ஓட்டுநர் உரிமம் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். 7,500 கிலோ வரையுள்ள வணிக வாகனத்துக்கும் இலகுரக உரிமம் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

பதிவு அதிகாரி மறுத்துவிட்டால்? அப்போது இந்த வண்டியை வாங்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஒரு பழைய டிராவலரை வாங்கி, மேலே சொன்ன கழற்றக்கூடிய கட்டிலை அதில் வையுங்கள். ஆறு லட்சத்துக்குள் தேடினால் கிடைக்கும். அதற்கும் முன்னால், ஒப்புதல் பெற்ற கேரவன் ஒன்றை நான்கு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு வண்டிக்குள் தூக்கம் வருகிறதா, மனைவிக்குக் கழிப்பறை விஷயத்தில் சமாதானமா என்று வேறு எப்படியும் தெரியாது. கடிதம் முழுக்க அவர்களுடைய கருத்து ஒரு வரிகூட இல்லை.

கடைசியாக, அப்பா. இந்த ஆச்சரியத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டு காரணம். ஓடோமீட்டர் கிலோமீட்டரைத்தான் சொல்லும். ஆம்புலன்ஸ் நின்ற இடத்திலேயே ஏசிக்காக இன்ஜின் ஓடிய மணிக்கணக்கை அது சொல்லாது. அந்த இன்ஜின் எத்தனை முறை சூடாகி நின்றது, கியர்பாக்ஸை எப்போது இறக்கினார்கள், இடது பக்கம் எங்கே அடிபட்டுத் தகடு மாற்றினார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறார். எந்த மெக்கானிக்கும் அவருக்கு ஈடில்லை.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது. நீங்கள் கட்டில் போட நினைக்கும் இடத்தில்தான் அவர் ஆயிரக்கணக்கானவர்களைப் படுக்க வைத்து ஓட்டினார். பிழைத்தவர்களும் உண்டு, வழியிலேயே போனவர்களும் உண்டு. அவருக்கு அந்த வண்டியில் பேரப்பிள்ளைகளோடு தூங்குவது பெரிய நிம்மதியாக இருக்கலாம், அல்லது ஒரு இரவுகூட முடியாமல் போகலாம். அது எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பின்கதவைத் திறந்து நின்றால் அவருக்கே தெரிந்துவிடும்.

ஆகவே இந்த வாரம் மூன்று வேலை. திங்கட்கிழமை மருத்துவமனையில் அந்த மூன்று நகலையும் வாங்குங்கள். அவற்றை இணைத்து, ‘ஆம்புலன்ஸ் வகையிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மாற்ற, கட்டமைப்பில் எந்த மாற்றமும் செய்யாமல், அனுமதி கிடைக்குமா’ என்று உங்கள் ஆர்டிஓவுக்கு மனு எழுதி, ஒப்புகை முத்திரையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை டெண்டர் தேதியைத் தள்ளிவைக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். 22 வருடம் உழைத்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இரண்டு வாரம் தருவார்கள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் அப்பாவை அந்த வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். சாவியை அவர் கையிலேயே கொடுங்கள். ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.